ஒத்திகை அறைப் பியானோ

கொட்வின் இராயப்பு பியானோவில் இடது கையால் செல்லோக்களையும் வலது கையால் வயலின்களையும் வாசித்துக்கொண்டே, தடிமன் பிடித்துத் தொண்டை கட்டி வராமற்போன பாடகியின் பாட்டைத் தன் கரகரத்த குரலில் பாடிக்கொண்டிருப்பார். ஜேர்மனியின் ரூர்ப் பகுதி நகரமொன்றின் ஓபரா இசைநாடக அரங்கில், மேல்மாடி ஒத்திகை அறையில், பதினைந்து வருடமாக இதுதான் பிழைப்பு. வாத்தியக் குழு வந்து உட்காரும்வரை அத்தனை வாத்தியமும் அவருடைய பியானோதான். பாடகர்களுக்கு ஒவ்வொரு வரியும் அவர் ஊட்டியது. காட்சியன்று, சனத்துக்கு முதுகு காட்டி நின்று குழுவை நடத்தும் நடத்துநர் கோலைத் தூக்கிக் கைதட்டல் வாங்குவார். கொட்வின் திரைக்குப் பின்னால், மேடைக்கு வராத கோரஸுக்கு இருட்டில் கைகாட்டிக்கொண்டு நிற்பார்.

யாழ்ப்பாணத்துத் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த பிள்ளை. அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே இசைக் கல்லூரியில் படித்தார். தனிக் கச்சேரிகள் செய்தார், பத்திரிகைகள் மெச்சின. ஆசையோ முழுக்க ஓபரா நடத்துவதில். ஒத்திகைப் பியானோவில் பொறுத்திருந்தால் ஒருநாள் கோல் கைக்கு வரும் என்பது இந்த நாட்டு வழக்கம். அதை நம்பிக் கச்சேரி மேடையை விட்டார், மடையன்.

"தம்பி, உன்ரை முகத்தை ஆர் கேட்டது? முதுகையாவது ஒருக்காக் காட்டு, கைதட்டுறம்" என்று ஞாயிறு பூசை முடிந்த கோயில் வாசலில் ஊர்க்காரர் அலோசியஸ் அண்ணை பகிடி பண்ணுவார்.

அந்த முதுகும் ஒரு மாலை தெரிந்தது. நடத்துநர் திடீரென்று காய்ச்சலில் படுக்க, கொட்வினை அவர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அலோசியஸ் அண்ணை வெட்கமில்லாமல் அழுதார். அடுத்த வருடம் துணை நடத்துநர் இடம் காலியானபோது, இனித் தனக்குத்தான் என்று கொட்வின் போய்க் கேட்டார். அரங்கின் தலைவர் அவர் தோளைத் தட்டிச் சிரித்தார்.

"உங்களைக் கீழே வாத்தியக் குழுவுக்கு அனுப்பிவிட்டால் பியானோவுக்கு நான் எங்கே போவேன்? உங்களைப்போல ஒருவர் கிடைக்கவே மாட்டார்."

கொட்வின் அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். அந்த நன்றிக்காக இன்றைக்கும் அவர் தன்னையே திட்டிக்கொள்வார்.

"இவ்வளவு திறமா வாசிச்சா ஏன் விடப்போறாங்கள்? இடைக்கிடை பிழை விட்டிருக்கலாமே" என்றார் மனைவி கொறற்றி. சிரிக்கவில்லை.

"எனக்கு ஏலாது கொறற்றி. கை கேக்காது."

"அப்ப விட்டிட்டு வாங்கோ."

"இந்த வயதிலை என்னை ஆர் எடுக்கப்போகினம்?"

துணை நடத்துநராகப் புதிதாக வந்தவனுக்கு இருபத்தேழு வயது. நல்ல பண்பான பையன், அது இன்னும் எரிச்சல். முதல் ஒத்திகையிலேயே தாளம் மாறுமிடத்தில் அவன் தடுமாறினான். கோல் ஒரு பக்கம் போக, பாட்டு வேறு பக்கம் போனது. முதன்மைப் பாடகி யூலியா அவனைப் பார்க்கவேயில்லை. அவளும் மற்றவர்களும் ஒருமிக்கப் பியானோப் பக்கம் திரும்பினார்கள். கொட்வின் நாடியை நிமிர்த்தி ஒருதரம் தலையசைத்தால் போதும், எல்லோரும் சரியான இடத்தில் எடுத்துவிடுவார்கள். நெற்றி வியர்க்க அந்தப் பையனும் அவரைத்தான் பார்த்தான்.

கொட்வின் பியானோக் கட்டைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.