ரசமட்டமும் பின்பக்கத் தொட்டியும்

சின்ன வயதில் வீட்டுச் சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்து தொங்கினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் தம்பி வைத்த பெயர் ரசமட்டம். சுவர் கோணலா என்று கொத்தனார் வைத்துப் பார்க்கிற அந்தச் சாமான்தான். வளர்ந்து படித்து, கப்பல் கவிழாமல் கணக்குப் போடுகிற மென்பொருள் எழுதும் வேலைக்குப் போனாள். பெயரும் கூடவே போயிற்று. இப்போது பெரிய பாரக் கப்பல் ஒன்றில் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்வதே அவள் வேலை; கேப்டன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். தம்பியையும் சொல்லிவைத்து அதே கப்பலில் சேர்த்துவிட்டாள். பெற்ற ரெண்டும் ஒரே கப்பலிலா என்று அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்.

இந்தக் கப்பல் பளு ஏற்றுகிற விதமே தனி. தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு மேல்தளம் மூழ்கும்வரை இறங்கும். மிதந்து வரும் எண்ணெய்க் கிணற்று மேடையை இழுவைப் படகுகள் அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தும். பிறகு நீரை வெளியே இறைத்தால் கப்பல் எழுந்து மேடையை முதுகில் ஏந்திக்கொள்ளும். கேட்க எளிதுதான். ஆனால் பாரம் முழுக்க ஏறியும் தளம் இன்னும் நீருக்குள் இருக்கிற கொஞ்ச நேரம் இருக்கிறதே, அப்போது கப்பலுக்குப் பிடிமானம் நீருக்கு மேலே நிற்கும் நான்கு மூலைக் கோபுரங்கள் மட்டும். அப்போது கவிழ்ந்தால் மேடைமேல் கயிறு பிடித்து நிற்பவர்களும் சேர்ந்து போவார்கள். அன்றைக்குத் தம்பி அங்கேதான் நின்றான்.

கட்டுப்பாட்டு அறையில் அவள் மென்பொருளின் திரையில் எல்லாம் பச்சை, ஆபத்தில்லை என்று. ஓர் இழுவைப் படகு கடந்துபோன அலையில் கப்பல் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவள் கோப்பையில் தேநீர் விளிம்புக்கு நகர்ந்தது. நகர்ந்தது அங்கேயே நின்றது. திரும்பி வரவே மனமில்லாததுபோல மெல்ல வந்தது.  நீரை இறைத்துக்கொண்டிருந்த பம்பை அவள் உடனே நிறுத்தச் சொன்னாள்.

கேப்டனுக்குச் சுள்ளென்று வந்தது. இப்படி அமைதியான கடலுக்காக எத்தனை நாள் காத்துக் கிடந்தார்கள்!

"திரையில எல்லாம் சரியாத்தானே இருக்கு? தம்பி மேல நிக்கிறான்னு பயமாம்மா?"

"பயம்தான் சார். ஆனா கப்பல் நிமிர நேரமாகுறது என் பயத்தால இல்ல. கணக்கு சொல்றதைவிட ரெண்டு பங்கு ஆகுது. எங்கயோ ஒரு தொட்டி முழுசா நிறையாம, தண்ணி உள்ள ஓடி விளையாடுது."

அவர் கோப்பைப் பக்கம் குனிந்தார். அடுத்த சாய்வைத் தானே கோப்பையில் பார்த்தார். முகம் வெளுத்தது. கப்பலை இறக்கி மேடையை மிதக்கவிட, மறுபடி நீரை உள்ளே விடச் சொன்னார்.

கப்பல் இறங்க இறங்க இன்னொரு முறை சாய்ந்தது, முன்னைவிட அதிகமாக. தம்பி வாக்கி-டாக்கியில் என்ன நடக்கிறது என்று கேட்டான். கயிற்றை விடாதே என்று மட்டும் சொன்னாள். ஒருவழியாக மேடை கப்பலை விட்டு மிதந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கோளாறு பின்பக்கத் தொட்டியில். காலையில் அதை நிரப்பும்போது கப்பல் பின்பக்கமாகத் தாழ்ந்திருந்தது. உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிற குழாயும் பின்பக்கம்தான். முன்பக்கம் காற்று அடைபட்டுக் கிடக்க, தொட்டி நிறைந்துவிட்டதுபோலக் குழாயில் நீர் வழிந்துவிட்டது. நிறைந்த தொட்டியில் நீர் ஆடாது என்று எடுத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தை மென்பொருள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இப்போது பம்பை வைத்து நிரப்பிப் பார்த்தால், நிறைந்ததாகச் சொன்ன தொட்டி நீரைக் குடித்துக்கொண்டே இருந்தது.

நிறைந்தது என்று சொன்னது யார் என்று கேப்டன் கேட்டார். இறங்கி வந்திருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டு, தான்தான் என்றான்.

"இல்ல சார். அவன் வழியுதுன்னுதான் சொன்னான். நிறைஞ்சுதுன்னு பதிஞ்சது நான். வழிஞ்சாலே நிறைஞ்சதா எடுத்துக்கலாம்னு மென்பொருள்ல எழுதி வெச்சதும் நான்தான்."

கேப்டன் வெளியே போய்விட்டார்.

கடல் அமைதியாகவே இருந்ததால் மறுநாளே மறுபடி ஏற்றுவது என்று முடிவாயிற்று. தொட்டிகளை நிரப்பி முடித்தார்கள். திரை மறுபடி பச்சை. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி வாசலில் நின்றான்.

"இந்தத் தடவை சரியா இருக்குமாக்கா?"

பிறந்ததிலிருந்து அவளை அவன் கேலி செய்திருக்கிறான், சண்டை போட்டிருக்கிறான். அவள் கணக்கைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி அவளைச் சுட்டது.

"இரு. எல்லாத் தொட்டியையும் நானே கயிறு விட்டு அளந்து பாத்துட்டு வரேன்," என்று அளவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.