தலவிலயில் ஒரு அறை: சக்கர நாற்காலியோடு ஊர் போனோம்

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போவது என்று முடிவானதும், விமானச் சீட்டுக்கு முன்பே நான் தேடத் தொடங்கியது ஒரு குளியலறையை. சிரிக்காதீர்கள். என் மகள் அமீராவுக்குப் பன்னிரண்டு வயது. சக்கர நாற்காலியில்தான் அவளுடைய நடமாட்டம். நாங்கள் இருப்பது நோர்வேயில், எனது ஊர் இலங்கையின் கற்பிட்டி.

நோர்வேயில் கோடைக்குக் கடலோரக் குடில் எடுத்துத் தங்குவது வழக்கம். முதல்முறை 'குடும்பத்துக்கு ஏற்றது' என்ற விளம்பரத்தை நம்பிப் போனோம். முற்றத்தில் ஊஞ்சல் இருந்தது. படுக்கையறைக்கோ ஏணியில் ஏற வேண்டும். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து குடிலுக்கு இருநூறு மீற்றர் கல்லுப்பாதை வேறு. அதன்பிறகு அளவு கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. அமீராவின் நாற்காலி 62 சென்ரிமீற்றர் அகலம். கதவு 75 ஆவது இருக்க வேண்டும்.

கற்பிட்டியில் என் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, மாடி வீடு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அங்கேதான் தங்கினோம். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. நானும் மதினியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவோம். இரண்டாம் நாளே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். யாரையும் கூப்பிடாமல் இருக்கலாமே என்று. அது எனக்குத் தெரியவந்தபோது அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

ஆகவே இம்முறை வெளியே தங்குவது என்று சொன்னேன். தொலைபேசியில் நானா வெடித்தார்.

"சொந்த ஊருக்கு வந்து காசு குடுத்து ரூமில தங்கப் போறியா? ஆக்கள் என்ன கதைப்பாங்க? உன்ட நானா செத்தா போனான்?"

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் விடவில்லை.

கடலோர விடுதிகள் பலவற்றில் விசாரித்தேன். "படி ரெண்டு மூணுதான் மேடம், பொடியன்மார் தூக்குவாங்க" என்பதே பதில். கடைசியில் கற்பிட்டிக்குப் பக்கத்தில், தலவிலயில் யாத்திரிகர்களுக்கு அறை விடும் மெரீனா அக்கா கிடைத்தார். மீன்பிடிக் குடும்பம். அங்குள்ள புனித அன்னம்மாள் தேவாலயத் திருநாளுக்கு வயதானவர்கள், நோயாளிகள் நிறைய வருவதால் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறையைப் படியில்லாமல் கட்டியிருந்தார்கள். படம் கேட்டேன். படத்தோடு, கதவுக்குக் குறுக்கே அளவு நாடா பிடித்த காணொளியும் வந்தது. 81 சென்ரிமீற்றர்!

"ஹலால் சாப்பாட்டுக்கு யோசிக்காதீங்க தங்கச்சி. மீனும் மரக்கறியும்தான். உங்களுக்கெண்டு புதுச் சட்டி எடுத்து வச்சிருக்கன்" என்றார்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வாடகை வான் பிடித்து வந்தோம். ஏறக்குறைய 125 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம், இருபத்து நான்காயிரம் ரூபா. சிலாபம் தாண்டிப் பாணும் பருப்பும் சாப்பிட்டோம். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் உப்பளங்கள், பிறகு தென்னை, பிறகு கடல் காற்று. அறைக்கு ஒரு இரவுக்குப் பத்தாயிரம், காலைச் சாப்பாட்டோடு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானா வந்தார். கையில் பிரியாணிச் சட்டி, முகத்தில் கோபம். கதிரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அமீரா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா!"

நானா ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆரு புள்ள கூட இருந்தது?"

"ஒருத்தருமில்ல. கதவப் பூட்டிட்டுத்தானே குளிச்சன்!"

அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்த நிமிர்வை நான் எழுதிக் காட்ட முடியாது. பரீட்சையில் முதலாம் இடம் வந்தபோதுகூட என் பிள்ளை அப்படி நிமிர்ந்ததில்லை.

நானா எழுந்து குளியலறை வாசலில் போய் நின்று இரண்டு கையாலும் நிலையைத் தொட்டுப் பார்த்தார். மெரீனா அக்காவைக் கூப்பிட்டார். "இந்தக் கதவு எத்தின அடி தங்கச்சி? மேசன் ஆரு?"

கோபம் அதோடு தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று பிரியாணியை எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். நாங்கள் நோர்வே திரும்பி இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: அவருடைய வீட்டுக் கீழ்த்தளத்தில் உடைத்த சுவர், புதுக் கதவு நிலை. ஒரு சொல்லும் எழுதவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, நோர்வேயானாலும் தலவிலயானாலும் ஒன்றுதான். முகப்புப் படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். குளியலறைப் படம் கேளுங்கள். வாகனம் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். 'தூக்கி விடுகிறோம்' என்று சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். தலவிலயில் திருநாள் காலத்தில் அறை கிடைப்பது கஷ்டம்; டிசம்பர் அமைதி.

வரும் கோடைக்கான குடிலை இம்முறை நான் தேடவில்லை. அமீராவே உரிமையாளருக்குத் தொலைபேசி எடுத்தாள். நோர்வே மொழியில் அளவெல்லாம் கேட்டாள். அவர் ஏதோ சமாளித்தார் போலிருக்கிறது. "அப்படியென்றால் எங்களுக்கு வேண்டாம், நன்றி" என்று வைத்துவிட்டு அடுத்த இலக்கத்தை அழுத்தினாள்.