கழுத்து தளர்ந்த டீ ஷர்ட்

என் மகள் எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனாள். போகும் முன் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"படத்தப் பாருங்கப்பா. பாத்துட்டு நான் மெட்ராஸ் போலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்போது அவள் டெக்ஸ்டைல் படிப்பை முடித்திருந்தாள். எங்கள் ஊரிலேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பதில் எழுதிக்கொண்டு, ஆர்டர் கப்பல் ஏறும்வரை அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை. அவளுக்கோ மெட்ராஸில் ஒரு டைரக்டரிடம் சேர்ந்து திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ள ஆசை. அதை எனக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல், திரைக்கதை எழுதுகிறவனைப் பற்றிய ஒரு படத்தையே எனக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டாள்.

நான் கியூசி. துணி பெட்டிக்குள் போகும் முன் கடைசியாகப் பார்க்கிற ஆள். தையல் விட்ட இடத்தில், எண்ணெய்க் கறை பட்ட இடத்தில், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. நல்ல பீஸ் என் கையில் இரண்டு நொடிதான் இருக்கும். கெட்டதைத்தான் நின்று நிதானமாகப் பார்ப்பேன். இருபத்தாறு வருடம் இப்படிப் பார்த்த கண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி பார்க்காது. சாப்பாட்டில், சொந்தக்காரர் கல்யாணத்தில், மகள் பேச்சில் எல்லாம் நான் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மதியக் காட்சி. மனைவியும் வந்திருந்தாள். அவளுக்குப் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்த வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட். காலையில் நின்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் உட்காருவாள். ஏசியில் சாய்ந்த கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். எழுப்பப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்கப்பா. பாவம், வாரம் பூரா நின்னுட்டே இருந்தாங்க."

படத்தில் ஒருவன் கதை எழுதுகிறான். அவன் எழுதுவதுதான் நாம் பார்க்கிற படம். பிடிக்கவில்லை என்று அவன் ஒரு காட்சியை அடித்துவிட்டால், நமக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த கல்யாணம் பாதியில் காணாமல் போய், அதே இருவரும் பஸ் ஸ்டாண்டில் முதல் தடவையாகச் சந்திக்கிறார்கள். இரண்டாம் தடவை இப்படி நடந்தபோது பின்வரிசையில் ஒருவர், "ஆபரேட்டரு மறுபடியும் மொதல்ல இருந்து போட்டுட்டானுங்க" என்று சத்தமாகவே சொன்னார். திரைக்குள் அவன் 'இடைவேளை' என்று எழுதிய பிறகுதான் எங்களுக்கு விளக்கு எரிந்தது. காலேஜ் பையன்கள் கை தட்டினார்கள். குடும்பத்தோடு வந்தவர்களில் பாதிப் பேர் பப்ஸ் வாங்கப் போய் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கடைசிக் காட்சியில் அந்த எழுத்தாளன் ஒரு தியேட்டரில் உட்கார்ந்து தன் படத்தையே பார்க்கிறான். பக்கத்து சீட்டுக்காரரிடம், "படம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறான். அவர் வாயைத் திறப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது. எங்கள் தியேட்டரில் இருந்தவர்கள் அவருக்குப் பதிலாகச் சொன்னார்கள். ஒரு பக்கம் 'சூப்பர்', இன்னொரு பக்கம் எழுதக் கூடாத வார்த்தைகள். மகள் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஆரம்பித்தேன். இரண்டாம் பாதி இழுவை. போலீஸ்காரன் எதற்கு வந்தான் என்று தெரியவில்லை. கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தி தெரியவே இல்லை. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தாள். கடைசியாக ஒன்று சொன்னேன்.

"கதையில வர்ற அந்தப் பையன் போட்டிருந்த சாம்பல் கலரு டீ ஷர்ட்டப் பாத்தியா? மொதல்ல வரும்போது கழுத்துப் பட்டி ரிப்பு தொளதொளன்னு தொங்குது. அடுத்த தடவ அதே சீன்ல ரிப்பு கிண்ணுன்னு இருக்குது. வேற பீஸக் குடுத்துட்டானுங்க. இதக்கூடப் பாக்காம படம் எடுக்கறாங்க."

அவள் முகம் மலர்ந்தது. இன்றைக்கும் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது.

"அப்பா, நெசமாவா? நான் கவனிக்கவே இல்லீங்கப்பா. அந்தத் தியேட்டர்ல உங்களத் தவிர ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. அது வேணும்னே வெச்சதா இருக்கும்."

"தப்பாத் தைக்கற எல்லா டெய்லரும் அதத்தான் சொல்லுவான், கண்ணு."

முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. இறங்கி நடக்கும்போது கேட்டாள். "சரீங்கப்பா. எப்படி இருந்துச்சு? பாஸா, ஃபெயிலா?" என் பாஷையிலேயே கேட்டாள்.

"ஹோல்டு" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

எங்கள் வேலையில் ஃபெயில் என்றால் ஒரு வழி உண்டு. பிரிப்பார்கள், தைப்பார்கள், மறுபடி கொண்டுவந்து என்னோடு சண்டை போடுவார்கள். ஹோல்டு போட்ட சரக்கை யாரும் தொடக் கூடாது. ஓரமாகக் கிடக்கும். கப்பல் அதற்காக நிற்காது. இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

மறுநாள் கம்பெனியில் டீ நேரத்தில் இதே பேச்சு. கட்டிங் மாஸ்டரும் முந்தின நாள் போயிருந்தார். "படமாங்க அது? கதைய எங்கியோ தொலச்சுப்போட்டு நம்மளத் தேடச் சொல்றானுங்க" என்றார். திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர் ஒருவர் இரண்டு தடவை பார்த்திருந்தார். "அதானே அண்ணாச்சி கதையே. அவம் எழுதுதான், பிடிக்கலன்னா அழிக்கான். நமக்கு அந்த வசதி உண்டுமா?" என்றார். மாஸ்டர் விடவில்லை. பேச்சு முற்றியது. நடுவில் நான் டெய்லர் பக்கம் சேர்ந்துகொண்டு மாஸ்டரோடு மல்லுக்கு நின்றேன். எழுதுகிறவன் பாடு உங்களுக்கு என்ன தெரியும், ஒரு காட்சியை அடிக்க எவ்வளவு மனசு வேண்டும் என்றெல்லாம் பேசினேன். டீ ஆறிப் போனது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. படம் எனக்குப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் அதை வீட்டில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பிடித்திருந்தது என்றால் போ என்று அர்த்தம். மெட்ராஸில் யாரிடம் போய் நிற்பாள், எங்கே தங்குவாள், எத்தனை வருடம் ஒன்றும் ஆகாமல் அலைவாள் என்று பயம். பிடிக்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, அது பொய். அதனால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அவளும் சொன்ன சொல் தவறாமல் மெட்ராஸ் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மனைவி ஒரு நாள், "ஏனுங்க, புள்ளைக்கி ஏதாச்சும் ஒண்ணு சொல்லீருங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

ஒன்றரை மாதம் பார்த்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்து மறுபடி போன் வந்தது. வருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். என்னிடம் பிறகுதான் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். மகள் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். அந்த வாரம் ஒரு ஷிப்மெண்ட் நெருக்கடி, டையிங் பட்டறைக்கும் ஆபீசுக்குமாக அலைந்திருந்தாள். "அட, உங்க ஹோல்டு படம்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. சும்மாதான் சொன்னாள்.

இந்தத் தடவை நான் டீ ஷர்ட்டை மட்டும் பார்த்தேன். முதலில் கழுத்து தளர்ந்திருக்கிறது. எழுத்தாளன் காட்சியை அடித்து எழுதும்போது கொஞ்சம் இறுக்கமாகிறது. அடுத்த தடவை இன்னும் புதுசு. ஒவ்வொரு தடவையும் கதையில் வரும் பையனைக் கொஞ்சம் நன்றாக்கி எழுதிக்கொண்டே போகிறான். கடைசிக் காட்சியில் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளன் மேல் அதே சாம்பல் நிற டீ ஷர்ட், அதே தொங்கிப் போன கழுத்து. தன்னைத்தான் எழுதியிருக்கிறான். தப்பே இல்லை. நான் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில்தான் படமே இருந்தது. அவள் பார்க்காமலே சொன்னது சரி.

"கண்ணு, நீ சொன்னது..." என்று திரும்பினேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் இருந்த போன் மடியில் நழுவிக் கிடந்தது. எப்போது தூங்கினாளோ, கல்யாணம் காணாமல் போகும் இடத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாதீங்க" என்றாள் மனைவி, சமையலறை வாசலில் இருந்து. "பாவம், வாரம் பூரா அலஞ்சுட்டு வந்திருக்கறா."

கையை எடுத்துக்கொண்டேன். டிவியில் எழுத்தாளன் பக்கத்து சீட்டுக்காரரிடம் படம் எப்படி இருக்கு என்று கேட்டான்.

"பாஸ் கண்ணு" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, பேர் எல்லாம் ஓடி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.