கழுத்து போன வாத்தும், தலைகீழான என் பேரும்

ஒரு வாத்தை மண்ணில் புதைத்துவிட்டு, மக்குகிறதா இல்லையா என்று மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

எனக்கு உண்டு. பொங்கல் லீவு முடிந்து ஸ்கூல் திறந்த வாரம்தான் தோண்டி எடுத்தோம். நானும், என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரும்.

பதற வேண்டாம்... பீங்கான் வாத்து. அதுவும் கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாத வாத்து. பீங்கான் யூனிட்டுகள் நிறைந்த எங்கள் விருத்தாசலத்தில் இது ஒரு அதிசயமே இல்லை. மற்ற ஊரில் காலில் கல் இடறும். எங்கள் ஊரில் உடைந்த ஃபியூஸ் கட்டையோ, கை போன பொம்மையோ இடறும்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஸ்கூலில் சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பொறுப்பு யார்? கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் யாரோ, அவர்தான். "தம்பி, நீங்க யங்கு. மரம் நடற போட்டோவுல நல்லா இருப்பீங்க" என்றார் எங்கள் ஹெச்.எம். இப்படித்தான் அந்தப் பதவி என் தலையில் வந்து உட்கார்ந்தது.

எனக்கோ போட்டோவோடு நிறுத்திக்கொள்ள மனசில்லை. எங்கள் வூட்டில் ஸ்கூல் வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். 'பாஸ் ஆயிட்டேன்' என்று ஓடிப்போய்ச் சொன்னால், 'எதுல?' என்று கேட்கக்கூட அங்கே ஆள் கிடையாது. அதனாலோ என்னவோ, பாடம் என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் பக்தி ஜாஸ்தி. சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மனசில் ஒட்ட வேண்டும் என்று நினைப்பவன்.

ஒரு விளையாட்டு வைத்தேன். இரண்டு பக்கெட். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து, சரியான பக்கெட்டில் போட வேண்டும். வாழைப்பழத் தோல், பால் கவர், சிப்ஸ் பாக்கெட், தீர்ந்துபோன பேனா... எல்லாம் சரியாகவே விழுந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக வந்தாள் கலைமதி. அவள் அம்மா பீங்கான் பொம்மை யூனிட்டில், அச்சில் மண் வார்க்கிற வேலை செய்கிறார். கையில் கழுத்து போன வாத்து. நேராகப் போய்ப் பச்சை பக்கெட்டில் வைத்தாள்.

"தப்பும்மா. நீலம்."

"இல்ல சார். பச்சதான். மண்ணுதான சார் இது?"

வகுப்பைப் பார்த்தேன். "யார் யாரெல்லாம் பச்சைன்னு சொல்றீங்க?"

முப்பத்தெட்டு கை. ஒன்றுகூடக் குறையவில்லை.

வேறு ஊரில் எந்தப் பிள்ளையும் இந்தத் தப்பைச் செய்யாது. எங்கள் பிள்ளைகள் ஏன் செய்தார்கள்? கலைமதியே விளக்கினாள். யூனிட்டில் சூளைக்குப் போகுமுன் ஒரு பொம்மை உடைந்தால், தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்களாம். ஒரு நாள் ஊறினால் கரைந்து மறுபடியும் மண். மறுபடியும் பொம்மை. "நானே கண்ணால பாத்திருக்கேன் சார்" என்றாள்.

பார்த்ததை எப்படி இல்லை என்பது?

"அது சுடாத பொம்மை. இது சூளையில வெந்தது. வெந்துட்டா அது கல்லு மாதிரி" என்றேன்.

"சோறு கூடத்தான் வேவுது சார், அது மக்கலையா?" என்றான் பின் பெஞ்ச் தினேஷ்.

இதற்கு எந்த டீச்சர் ட்ரெயினிங்கில் பதில் சொல்லித் தந்தார்கள்? "சரி, புதைச்சுப் பாத்துடுவோம்" என்று சொல்லித் தப்பித்தேன்.

வேப்பமரத்துக்குப் பக்கத்தில் குழி. வாழைத் தோல், பேப்பர், பால் கவர், வாத்து. மேலே ஒரு அட்டை: 'தோண்டாதீர்கள். ஆராய்ச்சி நடக்கிறது.' மழை வந்தது. அட்டை போனது. அரையாண்டு வந்தது, பொங்கல் வந்தது. பிள்ளைகள் மட்டும் மறக்கவில்லை.

தோண்டினோம். தோலைக் காணோம், பேப்பரைக் காணோம். மண்புழு இருந்தது. பால் கவர் கசங்காமல் இருந்தது. அப்புறம் வாத்து — தண்ணீர் ஊற்றிக் கழுவினால், வைத்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று. இறக்கையில் அடித்த பச்சைப் பெயிண்ட்கூடப் போகவில்லை.

வகுப்பு கை தட்டியது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன். கலைமதி மட்டும் தட்டவில்லை.

"அப்ப எங்க தெரு குட்டையில கொட்டுறாங்களே சார், அது?"

அவள் தெருவுக்குப் பின்னால் ஒரு குட்டை. யாரோ வண்டி வண்டியாக உடைந்த பீங்கானைக் கொண்டுவந்து அதில் கொட்டுகிறார்கள். தண்ணீர் குடிக்க இறங்கிய அவள் ஆட்டுக்குப் பின்னங்கால் கிழிந்து, இப்போது நொண்டுகிறது. "மண்ணோட மண்ணா போயிடும், அப்பறம் குத்தாதுன்னு எங்கம்மா சொன்னாங்க. அது போவாதா சார், எப்பவுமே?"

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. இதல்லவா பாடம்? "கண்டுபிடிப்போம். யார் கொட்டுறாங்கன்னு தெரிஞ்சா நேராப் போய்ப் பேசுவோம். ஆடு மேய்க்கப் போறவங்க தள்ளி நின்னு பாருங்க. யார்கிட்டயும் சண்டைக்குப் போவாதீங்க. வண்டி வந்தா நோட்டுல எழுதுங்க, போதும்."

திங்கட்கிழமை நோட்டு வந்தது. கலைமதியின் குண்டு குண்டான கையெழுத்து.

'சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வண்டி வந்தது. பீங்கான் கொட்டியது. நம்பர் தெரியவில்லை. வண்டியில் பேர் இருந்தது. பேர் எழுதவில்லை.'

"பேர் தெரிஞ்சும் ஏன் எழுதல?"

கலைமதி தினேஷைப் பார்த்தாள். தினேஷ் ஜன்னலைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"தலைகீழா இருந்துச்சி சார். பின்கதவு தொங்கிக்கினு இருந்துச்சில்ல, அதனால. குனிஞ்சி குனிஞ்சி படிச்சோம்."

"சரி, என்ன பேரு?"

"அறிவழகன் பி.எஸ்ஸி., பி.எட். சார்."

அது என் பேர். என் டிகிரி. எங்க அப்பாவின் வண்டி.

அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அந்த வண்டிதான் என்னைப் படிக்க வைத்தது. நான் பி.எட். முடித்த வாரமே பின்கதவில் என் பேரைப் பெரிசாக எழுத வைத்தவர் அவர். யூனிட்டுகளுக்கு லோடு அடிக்கிறார் என்றும் தெரியும். என்ன லோடு? எங்கே போகிறது? கேட்டதே இல்லை. மாசு பற்றி மற்றவர் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன்...

"எழுதுனா உங்கள ஹெச்.எம். திட்டுவாங்கன்னு வுட்டுட்டோம் சார்" என்றாள் கலைமதி.

உண்மையைச் சொல்லவா? ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் மறைத்துவிட்டார்கள், பெல் அடித்தால் அடுத்த பாடம். ஆனால் நொண்டுகிற ஆட்டின் சொந்தக்காரி அல்லவா எனக்காக மறைத்திருக்கிறாள்? அவள் மறைத்ததை அப்படியே விட்டுவிட்டால் அப்புறம் நான் எந்தப் பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவது?

"எழுதும்மா" என்றேன். "டிகிரியோட எழுது."

சாயங்காலம் வூட்டுக்குப் போனால், அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் குட்டையில லோடு தட்டுறது நீங்களா?"

"தட்டாம? வூட்டுக்கா எடுத்தாந்து அடுக்கி வெக்கறது? எங்கயாவது தட்டிட்டு வான்றாங்க யூனிட்டுல."

"எவ்ளோ நாளா?"

"நீ பன்னெண்டாவது படிக்கச்சொல்ல இருந்து."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"நீ கேட்டியா?"

நான் பின்கதவுப் பக்கம் போய் நின்றேன்.

"ஸ்கூல் பிள்ளைங்க பாத்துட்டாங்கப்பா. பேரைப் படிச்சிட்டாங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பின்கதவையே பார்த்தார். "இத எழுத பெயிண்டருகிட்ட ரெண்டு நாளு நின்னேன். தப்பா எழுதிட்டா எனக்குத் தெரியாதேன்னு, படிச்சவன் ஒருத்தன கூட கூட்டிக்கினு போனேன்." துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அழிச்சிடட்டா?" என்றார்.

"வேணாம்ப்பா. ஒரு நாள் ஸ்கூலுக்கு வாங்க. பிள்ளைங்ககிட்ட பேசுங்க."

"உன்னிய படிக்க வெக்கும்போதே ஒரு மீட்டிங்குக்கு வந்தவன் இல்ல நானு. இப்ப எதுக்குடா கூப்புடற, பெஞ்சு மேல ஏத்தவா?"

ஆனாலும் வந்தார். வெள்ளிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. ஹெச்.எம். நாற்காலி போடச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

"வாங்க தாத்தா" என்றது வகுப்பு, கோரஸாக.

"தாத்தாவா? முடி எங்கயாவது நரைச்சிருக்குதா பாரு?"

"டை அடிச்சிருக்கீங்க தாத்தா" என்றான் தினேஷ். அப்பாவே சிரித்துவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன். கலைமதி எழுந்தாள்.

"நீங்க கொட்டுன பீங்கானு எங்க ஆட்டு கால கிழிச்சிடுச்சி."

"எந்தக் காலு?"

"பின்னங்காலு. இப்ப நொண்டுது."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "தப்புதாம்மா. தண்ணியில போட்டா ஊறிக் கரைஞ்சி மண்ணா போயிடும்னு நெனச்சேன். மண்ணுதான அது?"

வகுப்பில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள். முப்பத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கேலியாக இல்லை... 'அட, நம்ம ஆளு' என்கிற சிரிப்பு. தினேஷ் ஓடிப்போய் அலமாரியிலிருந்து வாத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தான். குழி வெட்டியது, மழை பெய்தது, மண்புழு வந்தது — ஆளாளுக்கு ஒரு வரி சொன்னார்கள். நான் வாயே திறக்கவில்லை. திறக்க விட்டால்தானே?

அப்பா வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "ஒண்ணுமே ஆவலையே" என்றார். பிறகு மெதுவாக, "நான் தட்டுனது எல்லாம் அப்படியேதான் கெடக்கும்" என்றார்.

அதற்கு ஒரு வழியும் அவரே சொன்னார். பக்கத்தில் கருவேப்பிலங்குறிச்சியில் அவருக்குத் தெரிந்த ஒருவர் வூடு கட்டுகிறார். பேஸ்மட்டம் நிரப்ப ஜல்லி, மண் என்று அலைகிறார். "இதப் போட்டு இடிச்சி, மேல கான்கிரீட்டு போட்டுட்டா ஆடும் மிதிக்காது, ஆளும் மிதிக்காது. கரையாததுதான் அங்க வோணும்."

மக்காத குப்பைக்கு ஒரு மரியாதையான இடம். என் பாடப் புத்தகத்தில் இது இல்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் இரண்டு கூட்டாளிகளும் கையுறை போட்டு, மண்வெட்டியோடு குட்டையில் இறங்கினார்கள். பிள்ளைகள் தொடக் கூடாது, கரையில்தான் நிற்க வேண்டும் என்பது என் ஆர்டர். கரையில் நின்றவர்கள் சும்மா இருந்தார்களா? "தாத்தா, அங்க ஒண்ணு மின்னுது", "தாத்தா, லெஃப்டு, லெஃப்டு..." மத்தியானத்துக்குள் அப்பா களைத்துவிட்டார், வேலையால் அல்ல. ஒரு வண்டி நிறைய அள்ளினோம். குட்டை சுத்தமாகிவிட்டதா? இல்லை. ஆடு இறங்குகிற ஓரம் மட்டும் சுத்தம். இத்தனை வருஷத்து லோடை ஒரு சனிக்கிழமையில் அள்ளிவிட முடியுமா?

புது லோடுக்கும் எப்போதும் இடம் கிடைப்பதில்லை. கிடைக்காத நாளில் யூனிட்டுக்குப் பின்னாலேயே குவிந்து கிடக்கிறது, ஓனர் முணுமுணுக்கிறார். "என் பையன் பேரு வண்டியில இருக்குது. குட்டைப் பக்கம் போவாது" என்று அப்பா சொல்லிவிட்டாராம். அம்மாதான் என்னிடம் சொன்னாள். அவர் சொல்லவில்லை. நானும் இந்த முறை கேட்காமல் விடவில்லை. "ஆமா, சொன்னேன். அதுக்கு என்னா இப்போ?" என்றார்.

நம் வூட்டு வண்டி எங்கே போகிறது என்று தெரியாமல், ஊரின் குப்பையைப் பற்றி மட்டும் பேசுவது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது. நான் நன்றாகப் படித்தவன்தான். இந்த ஒன்றை மட்டும் ஏழாம் வகுப்பில் படிக்க வேண்டியிருந்தது.

முதல் லோடு கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, அப்பா பின்கதவை இறக்கினார். என் பேர் அங்கேயும் தலைகீழாகத்தான் தொங்கியது, டிகிரியோடு. திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன்.

"இருக்கட்டும் சார்" என்றாள் கலைமதி. "நாங்கதான் குனிஞ்சி படிச்சிப் பழகிட்டோமே."