சோணையம்மாள் பல்லுக்காகத் தேனி போன கதை

அதெப்படி ஒரு பல்லுக்கு அத்தனை தடவை தேனிக்குப் போவாள் என்று கேட்கிறீர்களே, ஒரு கடைவாய்ப் பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. எனக்கும் முதலில் தெரியாதுதான். ஆனால் தெரிந்துகொள்ளும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. குழாயடியில் நின்றவர்கள் திறந்தார்கள். பல்லைப் பிடுங்க ஒரு தடவை போனால் போதுமே, மற்ற தடவையெல்லாம் எதற்குப் போனாள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முந்தானையால் ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று பேசினார்கள். துணைக்குப் போனவளும் அப்படித்தான் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்க்கட்டும். கூடவே போனவள் என்பதால்தான் நான் சொல்கிறேன். சோணையம்மாள் சொல்ல மாட்டாள். ஊர்ப் பேச்சுக்குப் பதில் சொல்வது அவளுக்கு வேலையற்ற வேலை.

சின்னமனூரில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. புருஷன் சுருளியாண்டி லாரி கிளீனர். கேரளாவுக்குப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் அவளும் மாமியார் மொக்கம்மாளும்தான். நானும் அவளும் ஒரே ரைஸ்மில்லில் களத்து வேலை பார்த்தோம். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிவிட்டுக் காயவைத்து, பிறகு அரைக்க அனுப்ப வேண்டும். எந்த நேரத்தில் அனுப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் நின்றால் அரிசி நசுங்கும். காய்ச்சல் கூடினால் உடைந்து குருணையாகிவிடும். அதைப் பார்க்க அப்போது மெஷின் ஏது? பல்தான். ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்து நெரித்தால் பதம் தெரியும். எல்லோரும் கடித்துப் பார்ப்போம். ஆனால் மேனேஜர் குருசாமி கடைசியில் சோணையம்மாள் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் ‘அள்ளு’ என்றால் அள்ளுவோம். மூட்டை தூக்குவதிலிருந்து அவளுக்கு விலக்கு. பதம் பார்க்கிறவள் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவள் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

கல்யாணமான புதிதில் இடப்பக்கக் கடைவாய் வலித்தபோது, சந்தையில் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மேலும் கீழும் பல் முட்டுகிற இடம் வலப்பக்கம் மட்டும்தான் மிச்சம். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், இரண்டாம் போக நெல் களத்தில் மலையாகக் குவிந்திருந்த நேரத்தில், அந்த வலப்பக்கக் கீழ்ப்பல்லில் குத்தல் எடுத்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் துள்ளுவாள். சூடான காப்பிக்கும் துள்ளுவாள்.

பல்லில் புழு என்றாள் மொக்கம்மாள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கவைத்தார்கள். கீழே வைத்த தண்ணீர்ச் சட்டியில் வெள்ளையாகப் புழுக்கள் விழுந்தன; நானே பார்த்தேன். வலி மட்டும் விழவில்லை. பிறகு ஒருநாள் வலி தானாக நின்றது. புழு செத்துவிட்டது என்று மாமியாருக்கு ஒரே பெருமை. அந்த வாரம் முடிவதற்குள் சோணையம்மாளின் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் போயிற்று.

பதம் பார்க்கப் பஞ்சம்மாளைக் கூப்பிட்டார் குருசாமி. பஞ்சம்மாள் எங்கள் தெருக்காரிதான். வேலையில் குறை சொல்ல மாட்டேன், அவள் நாக்கைப் பற்றித்தான் சொல்வேன். பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று சோணையம்மாளுக்கு முதலில் புத்தி சொன்னவள் அவள்தான். மொக்கம்மாளும் அதையே சொன்னாள். பிடுங்கிவிட்டு வந்தால் மூட்டைப் பக்கம் வேலை தருகிறேன் என்று குருசாமி நல்ல மனதோடுதான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அவள் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

தேனியில் ஜெபமணி டாக்டர் பல்லைப் பிடுங்காமலே வேரைச் சுத்தம் செய்கிறார் என்று சொன்னது மருந்துக்கடைக்காரர். போனோம். பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடி. டாக்டர் வயசானவர். அவர் சம்சாரம் கிருபாவதியம்மாள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர்.

சோணையம்மாளுக்கு அது போதவில்லை. வீங்கின வாயோடு கேட்டாள். “செத்ததால வலி நின்னுச்சு, சரிங்கய்யா. அப்புறம் ஏன் வீங்குச்சு?”

“செத்ததை எடுக்காம உள்ளேயே வச்சிருந்தா அழுகாதாம்மா?”

மேஜையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதிலிருந்து நெடுக்காக அறுத்த பல் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நாங்கள் இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பல் என்றால் கல் மாதிரி முழுக்கக் கெட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நடுவில் ஒரு குழி. அதிலிருந்து ஒவ்வொரு வேர் வழியாகவும் ஊசி போகிற அளவுக்குத் துளை கீழே இறங்குகிறது. நல்லி எலும்பு மாதிரி இருக்கிறதே என்றாள் சோணையம்மாள். டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான், நல்லிக்குள் இருப்பது மாதிரி பல்லுக்குள்ளும் உயிர்ச்சதை உண்டு, சொத்தை குடைந்து குடைந்து அதைத் தொட்டுவிட்டது, அழுகின சீழ் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்கு இறங்குகிறது என்றார். மேலேயிருந்து துளை போட்டு, அந்த வழியையெல்லாம் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பல்லைக் காப்பாற்றலாம். அதற்கு ரூட் கெனால் என்று பெயராம். கெனால் என்றால் வாய்க்கால் என்று கிருபாவதியம்மாள் விளக்கினார்.

“வாய்க்கால் வெளிச்சத்துலதானே ஓடும்மா. இது எலி வளை” என்றாள் இவள்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். மெஷின் சுற்றியது. பல்லில் துளை விழுந்ததும் ஒரு கெட்ட வாடை வந்தது, நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அவளோ உள்ளே இறுக்கிக் கட்டியிருந்ததை யாரோ அவிழ்த்த மாதிரி பெருமூச்சு விட்டாள். பிறகு முடியைவிடக் கொஞ்சம் தடித்த முறுக்குக் கம்பிகளை ஒவ்வொரு துளையிலும் விட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார் டாக்டர். மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கிராம்பு வாசம் அடிக்கும் ஒரு பசையால் மேலே மூடினார். அந்த வாசம்தான் நம் தெருவில் அத்தனை பேர் மூக்கிலும் ஏறியது. ஒரேயடியாக அடைத்தால் என்ன என்று நானே கேட்டேன். உள்ளே சீழ் இருக்கும்போது பூட்டினால் மறுபடி வீங்கும், வற்ற வற்றத் திறந்து பார்த்துக் கழுவ வேண்டும், அதனால் பல தடவை வரவேண்டும் என்றார்.

கண்டங்கத்திரிப் புழுவைப் பற்றியும் கேட்டாள். அது விதைக்குள் இருக்கிற முளை, சூட்டில் பிதுங்கி விழுகிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தாளோ இல்லையோ, அடுப்புத் தணலில் விதையைப் போட்டாள். பக்கத்தில் பல்லும் இல்லை, வாயும் இல்லை, புழு மட்டும் சட்டியில் விழுந்தது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த தடவை போனபோதுதான் அவள் மனசை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். “நரம்பை எடுத்துட்டீகளே அய்யா, செத்த பல்லுக்குப் பதம் தெரியுமா?”

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். சூடும் குளிர்ச்சியும் இனி அந்தப் பல்லுக்குத் தெரியாது. ஆனால் கடிக்கிறபோது மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்பதை உணர்வது வேரைச் சுற்றியிருக்கிற சதை. அது உயிரோடுதான் இருக்கிறது என்றார். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். உள்ளே அடைத்து, மேலே உலோகத் தொப்பி போடுகிறவரை அந்தப் பல்லில் ஒரு நெல்லும் படக்கூடாது. காய்ந்த விறகு மாதிரி பிளந்துவிடும்.

திரும்பி வரும்போது பஸ் சீலையம்பட்டியைத் தாண்டியது. திடீரென்று என் குடையை வாங்கி பஸ் பலகையில் குத்தினாள். பிறகு முன்சீட்டுக்காரர் காலடியில் இருந்த பஞ்சு மூட்டையில் குத்தினாள். அவர் திரும்பி, “ஏத்தா, மூட்டையை ஓட்டை போட்டுறாத” என்றார். இவள் என்னிடம், குடைக்கம்பிக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆனாலும் எது பலகை, எது பஞ்சு என்று கைக்குத் தெரிகிறதே என்றாள். ஊர் வரும்வரை முகத்தில் சிரிப்பு. வீங்கின கன்னம் கோணுவது தெரியக்கூடாது என்று முந்தானையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள். குழாயடியில் பஞ்சம்மாள் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

இன்னும் இரண்டொரு தடவை போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். வீக்கம் வடிந்தது. வலி துளியும் இல்லை. அடுத்த தடவை வந்தால் துளைகளை உலர்த்தி அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்குள் பேச்சு மொக்கம்மாள் காதுக்கு வந்துவிட்டது.

போகவேண்டிய அன்று காலையில் நான் அவளைக் கூப்பிடப் போனேன். மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

“வலிதான் நின்னு போச்சுல்ல? இன்னும் என்னத்துக்குத் தேனி? ஊரு சிரிக்குது. இந்தப் படியைத் தாண்டுனா அப்படியே போயிரு.”

சோணையம்மாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். முடிந்தது கதை, இனி மூட்டைதான் என்று நினைத்தேன்.

“அத்தே, வரப்புல எலி வளை இருந்தா என்ன செய்வீக?”

“இதென்னடி கேள்வி. வெட்டிப் பிடிப்பேன்.”

“பிடிச்சுட்டு?”

“களிமண்ணைக் குழைச்சு அடைப்பேன். அடைக்காட்டி தண்ணி வச்ச அன்னைக்கே வரப்பு போயிரும்.”

“எலியைப் பிடிச்சாச்சு அத்தே. வளை தொறந்து கெடக்கு.”

மொக்கம்மாள் ஆயுசு முழுக்க முல்லையாற்றுத் தண்ணீரில் வயல் வேலை பார்த்தவள். மருமகளின் வாயையே உற்றுப் பார்த்தாள்.

“எத்தனை வாயி?”

“மூணு.”

“மூணையும் கடைசி வரைக்கும் பார்த்தாகளா?”

“கம்பி விட்டுப் பார்த்தாக.”

“எதை வச்சு அடைப்பாக?”

“ஏதோ மரத்துப் பாலாம். ரப்பர் மாதிரி.”

மாமியார் நிலையிலிருந்து கையை எடுத்தாள். “நல்லா இறுக்கி அடைக்கச் சொல்லு. அரைகுறையா விட்டா நண்டு வந்து உக்காந்துக்கிரும்.”

சோணையம்மாள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அன்று முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்; வாயை மூடவில்லை. குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த பஞ்சம்மாள், “என்ன, இன்னைக்கும் தேனிக்கா?” என்று கேட்டாள்.

“ஆமா மதினி. வளையை அடைக்கப் போறேன்.”

பஞ்சம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நின்று விளக்கலாம் என்றால் எங்களுக்கு நேரமில்லை. தெருமுனையில் தேனி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.