ஃபர் மரத்துக்குக் கவ்வாத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஊசி இலை உள்ள எதையும் பைனஸ் என்றுதான் சொல்வார்கள். கேட்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும். துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் இருபது வருடம் வேலை செய்தவள் நான். புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மரத்துக்கு அது தேவையில்லை.

பைனஸுக்கு ஊசிகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து வரும். காய் தொங்கும், முழுசாக விழும். சைப்பிரஸில் ஊசியே கிடையாது. பின்னிய சரடு மாதிரி இலை, கோலிக்குண்டு மாதிரிக் காய். ஃபர் அப்படியல்ல. ஊசி ஒவ்வொன்றாக, தட்டையாக இருக்கும், விரலைக் குத்தாது. காய் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும், மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். இலையைக் கசக்கினால் தோடம்பழத் தோலின் புளிப்பு வாசனை.

ஃபர் எங்களிடம் ஒன்றே ஒன்று. பங்களாவில் மீந்த கன்றைக் கேட்டு வாங்கி, மாதா கோயில் ஓரத்தில் நட்டவள் நான்தான். வருடத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் அதிகம். அது கோயில் சன்னலைத் தாண்டுவதற்குள் என் தலை நரைத்துவிட்டது.

போன நத்தாருக்கு முன்னால் என் கொழுந்தன் கத்தியோடு வந்து நின்றான். கோயிலுக்கு மூப்பர் அவன். முப்பது வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவன்.

"பாலன் குடிலுக்கு இந்த மரத்த எடுக்கப் போறேன் அண்ணி."

"சைப்பிரஸ்ல ஒரு கெளைய எடுத்துக்க தம்பி. இதத் தொடாத. வெட்டுனா தளிர்க்காது."

"எனக்கே கவ்வாத்து சொல்லித் தர்றீங்களா? தேயிலைய முழங்கால் ஒசரத்துல வெட்டுறோம். மூணு மாசத்துல கொழுந்து வருதில்ல?"

"தேயிலை வேற, இது வேற."

"ரெண்டும் மண்ணுலதான நிக்குது."

நான் கண் காட்ட டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் வெட்டிவிட்டான். முழங்கால் உயரம், சரிந்த வெட்டு. கைவேலை சுத்தம்தான். ஆனால் அடிக்கட்டையில் ஒரு பச்சை ஊசிகூட மிச்சமில்லை. குடிலில் அந்த மரத்துக்குப் பஞ்சு ஒட்டி, மினுக்குத் தாள் சுற்றியிருந்தார்கள்.

பிறகு அவன் வெட்டில் சாணி பூசினான். வெயில் படாமல் இருக்கக் கழித்த கிளைகளை மேலே பரப்பினான். ஞாயிறு பூசை முடிந்தால் குனிந்து குனிந்து பார்ப்பான்.

"மழைக்கு வந்துரும் அண்ணி."

நான் பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே காய்ந்த புகையிலை நிறம்.

"இதுக்கு மழை வேணாம் தம்பி. சவப்பொட்டிதான் வேணும்."

இந்த நத்தார் காலையில் பூசைக்குப் போனபோது கட்டையில் பச்சை தெரிந்தது. மேல் லயத்து வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று, "தளிர்த்திருச்சே, மூப்பர் கை ராசி" என்றார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பைனஸ் கொப்பு ஒன்றைக் கட்டையோடு கம்பியால் கட்டியிருந்தான்.

"மூணு மூணா இருக்கு. உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலையா?" என்று எல்லோர் முன்னாலும் அவிழ்த்து எறிந்தேன். அவன் வாசலில் நின்று தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் பூசை மணி அடித்துவிட்டது. கையில் பிசுபிசுத்த பைனஸ் பாலைக் கழுவ நேரமில்லை.

சாமியார் நற்கருணையை என் உள்ளங்கையில் வைத்தார். பைனஸ் பாலில் அது ஒட்டிக்கொண்டது. நாக்கால்தான் எடுத்தேன். வாயெல்லாம் கசந்தது.