பதினாலு கே காட்டிய பிக்கப்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒன்று நான். இரண்டு, பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் செல்லத்துரை அண்ணன். மூன்று, அவர் வாசிக்கும் மெல்லிசைக் குழுவை நடத்துகிற முருகானந்தம். நான்கு, சமயநல்லூரில் இருந்து பஸ் ஏறி வந்த ஜெயராணி. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், அன்று நடந்ததை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் சரியானதைச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். தப்பு என்னுடையது. அதனால் கூட்டிக் குறைத்துச் சொல்லும் ஆசையும் எனக்குத்தான் வரும். என்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

1. சுரண்டிப் பார்க்கும் பழக்கம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தேன். சுற்று வட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் புகைந்துபோய் அங்கேதான் வரும். சேர்ந்த அன்றைக்கே முதலாளி ஒரு துண்டு கம்பியையும் ஒரு பிளேடையும் கையில் கொடுத்தார்.

"சுரண்டுடா. என்ன கலரு?"

"வெள்ளையா இருக்கு மொதலாளி."

"அது அலுமினியம். மேல செம்பு கலருல பூசி வச்சிருக்கான். வெள்ளையக் குடுத்துட்டு செகப்புக்குக் காசு வாங்குறவன் இந்த ஊருல அம்புட்டு பேரு இருக்கான். சுரண்டாம ஒரு கம்பியக் கையில வாங்குன, ஒன் சம்பளத்துல பிடிச்சிருவேன்."

இன்னொன்றும் சொன்னார். ஒரே நீளம், ஒரே கனத்தில் இருந்தாலும் அலுமினியக் கம்பி மீட்டரில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஓம், அதாவது மின்தடை, காட்டும். இது இரண்டும்தான் என் படிப்பு. பிறகு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர், கிட்டார் பிக்கப் ரிப்பேர் என்று தொழில் மாறி, தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் கடை போட்டேன். பிளேடு மட்டும் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் ஆள் எடை பார்க்கும் மெஷினில் வைத்து நிறுத்துப் பார்ப்பேன். "என்னையக் கட்டுறப்பவும் சுரண்டிப் பாத்தீகளோ?" என்று என் வீட்டம்மா கேட்பாள். அந்த அளவுக்கு.

2. டேபிள் கிட்டார்

பெடல் ஸ்டீல் கிட்டார் என்பது தோளில் மாட்டுவது அல்ல. நான்கு காலில் மேஜை மாதிரி நிற்கும். பத்துக் கம்பி. இடது கையில் இரும்பு உருளையைக் கம்பி மேல் வழுக்க விட்டுக்கொண்டு, வலது கையால் மீட்டி, காலால் பெடலை மிதித்து, முழங்காலால் லீவரைத் தள்ளி வாசிக்க வேண்டும். எங்கள் ஊர் மெல்லிசை ஆட்கள் டேபிள் கிட்டார் என்பார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் அதை மேடையில் வாசிக்கிற ஒரே ஆள் செல்லத்துரை அண்ணன். கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி பழசாக வாங்கி வந்து கொடுத்தது.

கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுவது பிக்கப். காந்தமும் அதைச் சுற்றிய காயிலும்தான் விஷயம். அண்ணனுடைய பிக்கப் செத்துப்போய்விட்டது. அவசரத்துக்கு நான் ஒரு சாதாரண கிட்டார் பிக்கப்பை வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அது ஆறு கம்பிக்கு உள்ளது. நடு ஆறு கம்பி நன்றாகக் கேட்டது, ஓரத்து நான்கும் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலக் கேட்டது. இரண்டு கச்சேரி அப்படி ஓடியது. மூன்றாவதில் முருகானந்தம் சொல்லிவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. வண்டியூருல ஞாயித்துக்கெழம ரிசப்ஷன் இருக்கு. அதுல சரியா கேக்கலைன்னா நம்ம கீபோர்டுக்காரப் பயலே அந்த சவுண்ட வாசிச்சிருவான். அதுக்குள்ளயே இருக்கு, பட்டனத் தட்டுனா வருது. ஒரு ஆளு சம்பளமும் மிச்சம்."

ஒரு தடவை கீபோர்டுக்குப் போன வேலை திரும்ப ஆளிடம் வராது. வயலினும் புல்லாங்குழலும் எங்கள் மேடைகளில் அப்படித்தான் போயின. அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. "மாப்ள, நீதான் பாத்து எடுத்துக் குடுக்கணும். எனக்கு வாசிக்கத்தான் தெரியும்" என்று மூவாயிரத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

3. எதை எடுப்பது

இரண்டு வழி இருந்தது. ஹம்பக்கர் என்று ஒரு வகை: இரண்டு காயில், ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். நான்கு வாரம், பத்தொன்பதாயிரம். அதைவிட, அண்ணனுடைய கிட்டாரில் பிக்கப் உட்காரும் பள்ளம் ஒடுக்கம். மரத்தைக் குடைந்தால்தான் ஹம்பக்கர் இறங்கும். இரண்டாவது வகை சிங்கிள் காயில். டியூப்லைட், சீரியல் செட் பக்கம் போனால் "ம்ம்ம்" என்று இரையும். ஆனால் சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும், பள்ளத்திலும் சரியாக உட்காரும்.

சிங்கிள் காயிலை சமயநல்லூரில் ஜெயராணி என்ற அம்மா வீட்டிலேயே சுற்றிக் கொடுப்பதாக ஒரு கிட்டார்காரர் சொன்னார். ரிலே காயில் சுற்றும் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவராம். விலை ஆறாயிரத்து ஐந்நூறு. எனக்கு அப்போதே உறுத்தியது. பத்தொன்பதாயிரத்துக்கு விற்கிற சாமானை ஒருவர் மூன்றில் ஒரு பங்குக்குத் தந்தால், மீதி இரண்டு பங்கு எங்கே போகிறது? ஆனாலும் போனேன். வேறு வழி இல்லை.

மூவாயிரம் கொடுத்து, மிச்சம் டெஸ்ட் பண்ணிய பிறகுதான் என்று கறாராகச் சொல்லி, அவர் கொடுத்த ரசீதில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். நான்கு நாள் கழித்துப் போனபோது சின்ன அட்டைப் பெட்டியில் பிக்கப்பை வைத்துக் கொடுத்தார்.

"அண்ணே, மேல சுத்தியிருக்க டேப்ப மட்டும் பிரிச்சிராதீங்க."

"ஏன், உள்ள என்ன இருக்கு?"

"கம்பிதான் இருக்கு. தலைமுடிய விட சன்னம். கை பட்டா போயிரும்."

சாதாரணமாகச் சொன்னார். எனக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. பிரிக்காதே என்று சொல்கிற சாமானில்தானே ஏதாவது இருக்கும்?

4. வெள்ளை

கடைக்கு வந்ததும் மீட்டரை வைத்தேன். பதினாலு கிலோ ஓம், எங்கள் பேச்சில் பதினாலு கே. நான் இத்தனை வருஷம் பார்த்த கிட்டார் பிக்கப்புகள் ஏழு, எட்டுதான் காட்டும். எட்டைக் காகிதத்தில் எழுதி ஒன்றரை மடங்குக்கு மேல் போட்டுப் பார்த்தேன். பதிமூன்று வந்தது, பதினாலுக்குப் பக்கம். பட்டறையில் படித்த கணக்கு அச்சாகப் பொருந்தியது. அலுமினியம்!

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எண் எழுதியிருந்தது. பார்ட் நம்பர் மாதிரி பந்தா என்று நினைத்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

டேப்பைப் பிரித்தேன். வெளி முனையைச் சுரண்டவில்லை. ஏமாற்றுகிறவன் வெளியே நாலு சுற்று நல்ல கம்பி போட்டிருப்பான், உள்ளேதான் வேலையைக் காட்டியிருப்பான் என்று என் மூளை சொன்னது. அதனால் காயில் தொடங்குகிற உள் முனையை, வயரோடு அது சேரும் இடத்தில், பிளேடால் லேசாகத் தடவினேன். லென்ஸில் பார்த்தேன். வெள்ளை. பளிச்சென்று வெள்ளை.

அந்த நேரம் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். மறுபடி மீட்டரை வைத்தபோது ஒன்றுமே காட்டவில்லை. கம்பி அறுந்திருந்தது. அதைக்கூட "போலிக் கம்பி, தொட்டதும் போச்சு" என்றுதான் எடுத்துக்கொண்டேன். மூன்று பேருக்கும் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைக்கு வரச் சொன்னேன். எல்லார் முன்னாலும் கேட்டுவிட வேண்டும் என்று.

5. நான்கு பேர்

ஜெயராணி ஒரு துணிப்பையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டு பேசினேன்.

"செம்புக்குக் காசு வாங்கிட்டு அலுமினியத்தச் சுத்திக் குடுத்திருக்கீங்க. மீட்டரும் சொல்லுது, பிளேடும் சொல்லுது."

"பிளேடா?" என்றார் அவர். "பிளேடு எதுக்குண்ணே போட்டீங்க?"

"போட்டதாலதான தெரிஞ்சது!"

அவர் பிக்கப்பை வாங்கி, என் லென்ஸையே எடுத்துப் பார்த்தார். செல்லத்துரை அண்ணன் பெடலை மிதிப்பது போல வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். முருகானந்தம் போனைப் பார்த்தபடி, "இன்னைக்கு வெள்ளி. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க" என்று ஜெயராணி என்னைக் கூப்பிட்டார். "வெள்ளையா இருக்குல்ல, இது ஈயம். வயரோட கம்பிய சேக்குறதுக்கு நான் சால்ட்ரிங் வச்ச எடம். இதச் சுரண்டுனா வெள்ளையா வராம மஞ்சளாவா வரும்?"

பிறகு வெளி முனையில் இருந்து ஒரு முழம் கம்பியை உருவி, எமரித் தாளில் ஒரு இழுப்பு இழுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். நான் பார்த்தேன். முருகானந்தம் பார்த்தார். அண்ணன் பார்க்கவில்லை. சிவப்பு.

"அப்ப பதினாலு கே?" என்றேன்.

"பெட்டிக்குள்ள சீட்டு வச்சிருந்தேனே. பன்னெண்டாயிரத்தி எண்ணூறு சுத்து. இது பத்துக் கம்பி பிக்கப்பு, நீளமானது. ஒரு சுத்துக்கு இருபது சென்டி ஓடும். ரெண்டாயிரத்தி ஐநூத்தி அறுவது மீட்டர் ஆச்சா? இந்தக் கம்பி மீட்டருக்கு அஞ்சரை ஓம். பெருக்கிக்கங்க."

பெருக்கினேன். பதினாலாயிரத்து எண்பது. கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டேன்.

"சின்ன கிட்டார் கணக்க வச்சு இத அளந்திருக்கீங்க" என்றார். "உள் முனை அத்துப்போச்சுண்ணே. வெளி முனைன்னா ஒரு சுத்த உருவிட்டு ஒட்டிரலாம். உள் முனைக்கு ஒண்ணும் செய்ய முடியாது. மொத்தத்தையும் அவுத்து எறியணும்."

முப்பது வருஷமாக சால்ட்ரிங் அயர்ன் பிடித்த கை இது. ஈயத்தையும் அலுமினியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆள் இல்லை நான். வெள்ளையைப் பார்க்க வேண்டும் என்றே பார்த்தேன், வெள்ளை தெரிந்தது.

செல்லத்துரை அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப ஞாயித்துக்கெழம நான் வீட்ல இருக்க வேண்டியதுதானா மாப்ள?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜெயராணி துணிப்பைக்குள் கையை விட்டு இன்னொரு அட்டைப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "எந்த ஆர்டருக்கும் ரெண்டு சுத்துவேன். ஒண்ணு போகும், ஒண்ணு கைக்காவலுக்கு இருக்கும். நீங்க போன்ல சத்தம் போட்ட சத்தத்துக்கு, எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்."

நான் அந்த இடத்தில் கேட்ட கேள்வியை இன்றுவரை முருகானந்தம் எல்லா ஊரிலும் சொல்லிச் சிரிக்கிறார். "அப்ப இது ரெண்டாந்தரமா?"

"ஏலேய்!" என்றார் அண்ணன். "அந்த பிளேட இங்கிட்டுக் குடுறா மொதல்ல."

கொடுத்தேன். அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் பிக்கப்புக்கு உண்டான மிச்சம் மூவாயிரத்து ஐந்நூறை எண்ணி நேராக ஜெயராணி கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை.

6. வண்டியூர் மண்டபம்

சனிக்கிழமை பிக்கப்பைப் பொருத்தினேன். டேப்பைத் தொடவில்லை. பத்துக் கம்பியும் ஒரே அளவில் வருகிறதா என்று ஒவ்வொன்றாக மீட்டி, ஓரத்தில் அட்டை வைத்து உயரம் சரி பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே டூல்ஸ் பையோடு மண்டபத்துக்குப் போய் மேடைக்குப் பின்னால் நின்றேன். ஆம்ப்பைப் போட்டதும் இரைச்சல். "ம்ம்ம்" என்று பெருசாக. முருகானந்தம் திரும்பி என்னைப் பார்த்தார். கீபோர்டுப் பையன் பட்டனில் விரலை வைத்துவிட்டான். பின்பக்கத் திரை முழுக்க சீரியல் செட், அதன் டிரான்ஸ்பார்மர் அண்ணனின் ஸ்டூலுக்குக் கீழேயே கிடந்தது. அதை இழுத்து மேடை ஓரத்துக்குத் தள்ளினேன். இரைச்சல் பாதி போனது. அண்ணன் கிட்டாரைக் கூட்டத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கியது. சிங்கிள் காயிலுக்கு அப்படி ஒரு திசை உண்டு. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசித்தார்.

முதல் பாட்டில் அவருக்கு எட்டு வரிதான். ஓரத்துக் கம்பி இரண்டும் அழுத மாதிரி இறங்கி வந்து நடுவில் சேர்ந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் வாளியோடு நின்று திரும்பிப் பார்த்தார். முருகானந்தம் கீபோர்டுப் பையனிடம் கையைக் காட்டி, "அத மூடு" என்றார். பிறகு மைக்கில் இல்லாமல், "அண்ணே, அடுத்ததும் நீங்களே எடுங்க" என்றார்.

அண்ணன் இப்போதும் அந்தக் குழுவில் இருக்கிறார். பிளேடும் அவரிடம்தான் இருக்கிறது.

7. கற்றுக்கொண்டது

புதிதாக வருகிறவர்களுக்கு. பெடல் ஸ்டீலுக்கு பிக்கப் எடுக்கும்போது முதலில் பள்ளத்தை அளந்து பாருங்கள், பிறகு எத்தனை கம்பி என்று பாருங்கள், கடைசியாக ஓம். சாதாரண கிட்டாரின் எண்ணை இதற்குக் கொண்டுவராதீர்கள். சீட்டு வைத்திருந்தால் படியுங்கள். சுற்று எத்தனை என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் ஏமாற்ற மாட்டார், பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், என்னால் அது முடியாது. நேற்றும் சிலிண்டரை நிறுத்தேன். ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அடுத்தவர் பண்ணிய வேலையைப் பிளேடால் அறுக்காதீர்கள். நான் கெடுத்தது பன்னிரண்டாயிரத்து எண்ணூறு சுற்று.

அறுந்த பிக்கப்பின் விலை என்னுடையது. மாதத்துக்கு ஆயிரமாக, நானே சமயநல்லூர் போய்க் கொடுக்கிறேன். ஜெயராணி ஒவ்வொரு தடவையும் நோட்டை எடுத்து என் முன்னால் எழுதுவார். எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டுவார்.

"எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருங்கண்ணே. நாளப்பின்ன சந்தேகம் வரக்கூடாது பாருங்க."

போட்டுவிட்டு வருகிறேன். நான்கு கையெழுத்து ஆகிவிட்டது. ஆறாயிரத்து ஐந்நூறில் இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.